டப்பிங் ஒப்பந்தத்தில் ‘குரல் மாதிரி’ ஷரத்து: கையெழுத்திடலாமா?

பின்னணிக்குரல் எழுதுகிறார்:

அனைவருக்கும் வணக்கம். நான் சென்னையில் 19 ஆண்டுகளாக டப்பிங் கலைஞராக இருக்கிறேன். இந்தியிலிருந்து வரும் தொடர்களில் மாமியார்களுக்கும் அண்ணிகளுக்கும் பேசியிருக்கிறேன். நகைக்கடை, மசாலாப் பொடி விளம்பரங்கள் பலவற்றில் என் குரல் இருக்கிறது. சில ஆண்டுகளாக ஒலிப்புத்தகங்களும் வாசிக்கிறேன். என் முகமோ பெயரோ யாருக்கும் தெரியாது. அதில் எனக்குக் குறையில்லை. இந்தத் தொழிலின் இயல்பே அதுதான்.

சென்ற வாரம் ஒரு நிறுவனம் 40 மணி நேர வாசிப்புக்கு என்னை அழைத்தது. அனுப்பிய ஒப்பந்தம் 14 பக்கம், முழுவதும் ஆங்கிலம். ஒன்பதாம் பக்கத்தில் இருந்த ஷரத்தை என்னால் இயன்ற அளவு தமிழில் தருகிறேன்: “கலைஞரின் குரல், உச்சரிப்பு, பேசும் முறை ஆகியவற்றை, செயற்கை நுண்ணறிவு உட்பட இன்று வழக்கிலுள்ளதும் இனி உருவாகவிருப்பதுமான எல்லாத் தொழில்நுட்பங்களிலும், உலகெங்கும், காலவரம்பின்றிப் பயன்படுத்தவும், குரல் மாதிரி உருவாக்கி அதிலிருந்து புதிய ஒலிப்பதிவுகளைத் தயாரிக்கவும், அவ்வுரிமையைப் பிறருக்கு மாற்றித் தரவும் நிறுவனத்துக்கு முழு உரிமை உண்டு.” குரல் மாதிரி என்றால், நான் பேசாததையும் என் குரலில் பேசும் கணினி நிரல். இதற்கெனத் தனித் தொகை கிடையாது, வாசிப்புக்கான ஊதியத்துக்குள்ளேயே இதுவும் அடக்கம். விளக்கம் கேட்டபோது ஒருங்கிணைப்பாளர், “இது எல்லா ஒப்பந்தத்திலும் இருப்பதுதான் மேடம், மற்றவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்” என்று மட்டும் சொன்னார்.

வேலை குறைந்துவிடும் என்ற அச்சம் எனக்கும் உண்டு. ஆனால் என்னைத் தூங்கவிடாதது வேறொன்று. 6 ஆண்டுகளுக்கு முன் சிவப்பழகுக் களிம்பு விளம்பரம் ஒன்றை மறுத்தேன். என் மகள் மாநிறம். அவள் பார்க்கும் தொலைக்காட்சியில் அந்த வாசகத்தை நான் சொல்லமாட்டேன் என்று முடிவெடுத்தேன். அந்த மாதம் பணமுடை இருந்தும் அப்படிச் செய்ய முடிந்தது, ஏனென்றால் வாய் என்னுடையது. இதில் கையெழுத்திட்டால் என் குரல் வட்டிக்கடன் செயலியை விற்கலாம், தேர்தல் நேரத்தில் எவரையும் ஏசலாம். அதை நான் தெருவில் கேட்டுத்தான் தெரிந்துகொள்வேன். சட்டத்தில் எனக்கு என்ன இருக்கிறது என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

எழும்பூர்_வழக்கறிஞர் எழுதுகிறார்:

சகோதரிக்கு வணக்கம். கையெழுத்திடுவதற்கு முன் கேட்டீர்களே, அதுவே பெரிது. என்னிடம் வருபவர்களில் பலர் கையெழுத்திட்ட பிறகுதான் வருகிறார்கள்.

உங்களுக்கு இரண்டு வாசல்கள் உண்டு. முதலாவது ஆளுமை உரிமை, அதாவது ஒருவரின் பெயர், உருவம், குரல் ஆகியவற்றை அவர் அனுமதியின்றிப் பிறர் பயன்படுத்துவதைத் தடுக்கும் உரிமை. நம் நாட்டில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. நீதிமன்றங்கள் தீர்ப்பு தீர்ப்பாகக் கட்டியெழுப்பிய உரிமை இது. 2015-இல் சென்னை உயர் நீதிமன்றம் ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில் அவருடைய பெயர், உருவம், பாணி ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு அளித்தது. 2023 செப்டம்பரில் நடிகர் அனில் கபூருக்கு டெல்லி உயர் நீதிமன்றம் தடையுத்தரவு தந்தது. உங்கள் கேள்விக்கு மிக நெருங்கியது, 2024 ஜூலையில் பாடகர் அரிஜித் சிங் வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவு: ஒருவரின் அனுமதியின்றி எந்தக் குரலையும் அவருடைய குரலாக மாற்றித் தரும் ஏ.ஐ. கருவிகளை வழங்குவது அவருடைய ஆளுமை உரிமையை மீறுவதாகும் என்று அது கூறியது. 2025-இல் ஆஷா போஸ்லேவுக்கும் அதே நீதிமன்றம் அத்தகைய பாதுகாப்பை வழங்கியது.

வழக்குத் தொடுத்தவர்களின் பெயர்களைக் கவனியுங்கள். எல்லோரும் நாடறிந்தவர்கள். புகழ்பெற்ற நிலையை அடைந்தவர்களுக்கே ஆளுமை உரிமை உரியது என்று 2015 தீர்ப்பு வெளிப்படையாகவே சொல்கிறது. கேட்டவுடன் ‘இது இன்னார்’ என்று மக்கள் அடையாளம் காண வேண்டும் என்பதே இந்த உரிமையின் அடித்தளம். உங்கள் குரலை லட்சக்கணக்கானோர் அறிவார்கள், ஆனால் உங்களுடையது என்று அறியமாட்டார்கள். ஆகவே இந்த வாசல் உங்களுக்கு மூடியிருக்கிறது என்று சொல்லமாட்டேன், மிகக் குறுகலாக இருக்கிறது. இது நம் சட்டத்தின் பெருங்குறை என்பது என் கருத்து: வழக்கு நடத்த வசதி உள்ளவர்களுக்கு உரிமை தெளிவாக இருக்கிறது, வசதியற்றவர்களுக்கு அது மங்கலாக இருக்கிறது.

இரண்டாவது வாசல் 1957 பதிப்புரிமைச் சட்டம் தரும் நிகழ்த்துநர் உரிமை. இங்கே புகழ் ஒரு நிபந்தனை அன்று. நடிகர், பாடகர், இசைக்கலைஞர், நடனக் கலைஞர் தொடங்கி கழைக்கூத்தாடி, செப்படி வித்தைக்காரர், பாம்பாட்டி வரை எல்லோரையும் அந்தச் சட்டம் நிகழ்த்துநர் என்கிறது. உரிமை 50 ஆண்டுகள் நீடிக்கும். உங்கள் நிகழ்த்துதலைப் பதிவு செய்வதும், மின்னணு முறையில் சேமிப்பது உட்பட அதைப் பிரதியெடுப்பதும் 38ஏ பிரிவின்படி உங்கள் அனுமதிக்கு உட்பட்டவை. 2012 திருத்தம் 38பி பிரிவைச் சேர்த்தது: நிகழ்த்தியவர் நீங்கள் என்று அடையாளம் காட்டப்படுவதும், நற்பெயருக்குக் கேடு வரும்படி உங்கள் நிகழ்த்துதலைச் சிதைத்தால் தடுப்பதும் உங்கள் உரிமை.

ஒரு எச்சரிக்கை. திரைப்படத்தில் ஒருவரின் பங்கு தற்செயலானதாக, போகிறபோக்கில் அமைந்ததாக இருந்து, தொழில் வழக்கப்படி அவர் பெயர் எங்கும் போடப்படாவிட்டால், அவரை நிகழ்த்துநராகக் கொள்ள வேண்டியதில்லை என்று ஒரு விதிவிலக்கு உண்டு. சிதைவைத் தடுக்கும் உரிமை மட்டும் அப்போதும் எஞ்சும். கும்பல் காட்சிகளுக்குக் குரல் கொடுப்பவர்களை இது நேரடியாகப் பாதிக்கும். எனவே பெயர்ப் பட்டியலில் ஒரு வரி வேண்டும் என்று கேட்பது வெறும் கௌரவப் பிரச்சினை அல்ல.

இனி உங்கள் ஷரத்து. உரிமை ஒப்படைப்புக்கான 18, 19 பிரிவுகள் நிகழ்த்துநர் உரிமைக்கும் பொருந்தும். ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு. நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். ‘உலகெங்கும்’, ‘காலவரம்பின்றி’ ஆகிய இரண்டு சொற்களும் அங்கே ஏன் உட்கார்ந்திருக்கின்றன என்பது இப்போது புரியும். ஒப்பந்தம் செய்த நாளில் வணிக வழக்கில் இல்லாத பயன்பாட்டு முறைக்கு, அதைக் குறிப்பாகப் பெயர் சொல்லி எழுதியிருந்தாலன்றி, அந்த ஒப்படைப்பு செல்லாது என்றும் 18-ஆம் பிரிவு கூறுகிறது. உங்கள் பழைய ஒப்பந்தங்களுக்கு இது நல்ல கவசம். புதியதற்கு உதவாது, ஏனெனில் ‘செயற்கை நுண்ணறிவு’, ‘குரல் மாதிரி’ என்று பெயர் சொல்லியே எழுதிவிட்டார்கள். அவர்களுடைய வழக்கறிஞர் சட்டத்தைப் படித்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறார்.

ஒலிப்பொறி எழுதுகிறார்:

நான் ஒலிப்பதிவுக் கூடத்தில் பணிபுரிபவன். வழக்கறிஞர் ஐயா சொன்னதோடு இந்தத் தொழில்நுட்பம் நடக்கும் விதத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த 40 மணி நேரத்தின் மதிப்பு தெரியும்.

ஒரு குரலின் சாயலைப் பிடிக்க இன்றைய கருவிகளுக்குச் சில நிமிடப் பதிவே போதும். ஆனால் கோபம், தயக்கம், கொஞ்சல், கிசுகிசுப்பு என்று எல்லாவற்றையும் நம்பும்படி பேசவைக்க வேண்டுமானால், பின்னணி இசையோ எதிரொலியோ கலக்காத, ஒரே மைக்கில் ஒரே அறையில் எடுத்த நீண்ட பதிவு தேவை. அதுவும் எழுத்து வடிவம் பக்கத்திலேயே இருக்கும் பதிவாக இருந்தால், எந்த ஒலி எந்த எழுத்துக்கு என்று இயந்திரம் எளிதாகக் கற்றுக்கொள்ளும். ஒலிப்புத்தகம் அப்படியே இந்த விவரணைக்குப் பொருந்துகிறது. ஆகவே சகோதரியிடம் அவர்கள் கேட்பது இரண்டு பொருள்கள்: ஒரு புத்தக வாசிப்பு, ஒரு பயிற்சித் தரவு. இரண்டாவதை இலவச இணைப்பாகக் கேட்கிறார்கள்.

இன்னொன்றையும் இங்கே பதிய விரும்புகிறேன். 2024-இல் ‘லால் சலாம்’ படப் பாடலில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரல்களை ஏ.ஆர். ரஹ்மான் ஏ.ஐ. கொண்டு பயன்படுத்தியபோது, குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று உரிய தொகையும் அளித்ததாக வெளிப்படையாக அறிவித்தார். அதே ஆண்டு வெளியான ‘கோட்’ படத்தில் பவதாரிணியின் குரலும் விஜயகாந்தின் உருவமும் இவ்வாறே வந்தன. விவாதம் முழுவதும் மறைந்தவர்களைச் சுற்றியே நடந்தது. ஆனால் பாடல்களில் பொதுவாகக் கையாளப்படும் குரல்மாற்ற முறையில், முதலில் உயிருள்ள ஒருவர் பாட வேண்டும். இயந்திரம் அந்தப் பாட்டின் மேல் இன்னொருவரின் குரல் நிறத்தைப் போர்த்தும். மூச்சு எங்கே, அழுத்தம் எங்கே, கமகம் எவ்வளவு என்பதெல்லாம் அடியில் பாடியவருடையவை. ட்ராக், அதாவது முன்னோட்டமாக ஒரு பதிவு, பாடி அனுப்பிவிட்டு, பெரிய பாடகர் வந்து பாடியதும் மறக்கப்படும் பலரை நான் அறிவேன். முன்பாவது அவர்களின் பாட்டு அழிக்கப்பட்டு வேறொருவரின் பாட்டு வந்தது. இப்போது அவர்களின் பாட்டே வேறொருவர் பெயரில் வெளியாகும் நிலை வரலாம். அவர்களுடைய பெயரைப் போடவேண்டிய கடமை யாருக்கு?

மெல்லிசை_மேடை எழுதுகிறார்:

மதிப்புக்குரியவர்களே, என் மனத்தில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நான் 25 ஆண்டுகளாகத் திருமண மேடைகளிலும் கோயில் திருவிழாக்களிலும் மெல்லிசைக் குழுவில் பாடுகிறேன். எஸ்.பி.பி. அவர்களின் குரலில் பாடுபவன் என்றுதான் என்னை அழைக்கிறார்கள். அவரிடம் நான் அனுமதி கேட்டதில்லை. ஒரு குரலைப் போலப் பாடுவது தவறென்று நீங்கள் சொல்லச் சொல்ல, என் வாழ்க்கை முழுவதும் தவறாக இருந்ததோ என்று தோன்றுகிறது. இயந்திரம் செய்தால் களவு, நான் செய்தால் கலை என்பதற்கு நேர்மையான காரணம் ஒன்றை யாராவது சொல்லுங்கள். மனத்தாங்கலில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளவே கேட்கிறேன்.

எழும்பூர்_வழக்கறிஞர் எழுதுகிறார்:

ஐயா, உங்கள் கேள்விக்கு அமெரிக்க வழக்கொன்று நல்ல வெளிச்சம் தரும். போர்டு கார் விளம்பரத்துக்குப் பாட பாடகி பெட் மிட்லரை அழைத்தார்கள், அவர் மறுத்தார். உடனே அவரோடு பின்னணி பாடிவந்த ஒருவரை வைத்து, அவரைப் போலவே பாடச்செய்து ஒளிபரப்பினார்கள். பாட்டுக்கான உரிமையை அவர்கள் முறையாகவே வாங்கியிருந்தார்கள். ஆனாலும் 1988-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், பரவலாக அறியப்பட்ட தனித்துவமான குரலைப் பொருள் விற்பதற்காக வேண்டுமென்றே போலி செய்வது அவருடைய உரிமையைப் பறிப்பதாகும் என்றது. அங்கே போலி செய்தது இயந்திரம் அன்று, மனிதர். ஆகவே மனிதரா இயந்திரமா என்பதில் கோடு விழவில்லை. கேட்பவரை நம்பவைத்து, மறுத்தவரின் மறுப்பைச் சுற்றிவளைத்துப் போனார்களா என்பதில் விழுந்தது. நீங்கள் மேடையில் நிற்கிறீர்கள், எதிரே இருப்பவர்கள் உங்கள் முகத்தைப் பார்த்துக் கைதட்டுகிறார்கள், எஸ்.பி.பி. பாடுகிறார் என்று எவரும் ஏமாறுவதில்லை. 2023-இல் வெளிவந்த ‘கீடா கோலா’ என்ற தெலுங்குப் படத்தில் அவர் குரலை அனுமதியின்றி ஏ.ஐ. மூலம் உருவாக்கியதாகக் கூறி அவருடைய மகன் எஸ்.பி. சரண் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பியது வேறு வகை விஷயம்.

அந்த அறிவிப்பை ஒட்டி மறைந்தவர்கள் பற்றியும் சொல்ல வேண்டும். 2021-இல், ஜெயலலிதா வாழ்க்கைப் படம் தொடர்பாக ஜெ. தீபா தொடுத்த வழக்கில், ஒருவர் தம் வாழ்நாளில் அனுபவித்த அந்தரங்கமும் நற்பெயரும் அவரோடு முடிந்துவிடுகின்றன, சொத்தைப் போல வாரிசுகளுக்கு இறங்குவதில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. 2023-இல் சுஷாந்த் சிங் ராஜ்புத் தந்தையின் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதே வழியில் சென்றது. அப்படியானால் குடும்பத்திடம் அனுமதி கேட்பது இன்று பெரும்பாலும் பண்பாடாகவே இருக்கிறது, சட்டக் கட்டாயமாக இல்லை. பழைய பதிவுகளின் மேல் உள்ள நிகழ்த்துநர் உரிமை மட்டும் 50 ஆண்டு முடியும்வரை வாரிசுகளின் கையில் நிற்கும். கலிபோர்னியாவில் மறைந்தவரின் உருவத்துக்கும் குரலுக்கும் இறப்புக்குப் பின் 70 ஆண்டு பாதுகாப்பு உண்டு. 2024-இல் அதை டிஜிட்டல் நகல்களுக்கும் விரித்தார்கள். நமக்கும் அப்படியொரு சட்டம் தேவை என்று நான் நினைக்கிறேன். ஆனால் குடும்பத்தின் சம்மதமே போதும் என்பதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. கணவர் ஒருபோதும் பாடச் சம்மதித்திராத பாட்டுக்கு, கடனில் தவிக்கும் மனைவியிடம் கையெழுத்துக் கேட்டால் அவர் என்ன செய்வார்?

சீவாளி_குடந்தை எழுதுகிறார்:

நான் நாகஸ்வரக்காரன். எங்கள் பக்கத்துச் சிறு கோயில்கள் பலவற்றில் தீபாராதனைக்கு மேளம் வாசிப்பது இப்போது மோட்டாரில் ஓடும் பெட்டி. பொத்தானை அழுத்தினால் முரசும் மணியும் சேர்ந்து அடிக்கும். அது வந்த காலத்தில், ‘தினசரிப் பூசைக்குத்தானே, கச்சேரிக்கு உங்களைத்தான் கூப்பிடுவோம்’ என்றார்கள். தினசரிப் பூசையில் வாசித்துத்தான் பிள்ளைகள் கச்சேரிக்குத் தயாரானார்கள் என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. டப்பிங் செய்யும் அம்மாவுக்கு மாமியார் வேடங்கள் எப்படியோ, எங்களுக்கு அந்தப் பூசை.

ஒப்பந்தத்தில் எதை எழுத வேண்டும் என்று நீங்கள் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எங்களிடம் ஒப்பந்தமே கிடையாது. என் குருநாதர் வாசித்தவற்றில் பெரும்பகுதி, கல்யாண வீடுகளில் ரசிகர்கள் ஒலிநாடாவில் பிடித்து, பின்னர் அன்பினால் யூடியூபில் ஏற்றியவை. அந்த அன்பை நான் குறைசொல்லமாட்டேன். அவை இல்லாவிட்டால் அவருடைய தோடி ராகம் இன்று இருக்காது. ஆனால் அங்கிருந்து ஓர் இயந்திரம் அதை அள்ளிக்கொண்டு போனால் யாரிடம் கேட்டது என்று சொல்வோம்? அவருடைய பிடி (ராகத்தின் தனிச்சொற்றொடர் போன்ற ஒரு சுரக்கோவை) ஒன்றைக் கச்சேரியில் வாசிக்க நான் 11 ஆண்டுகள் காத்திருந்தேன். ‘இப்போது வாசி’ என்று அவர் சொன்ன பிறகுதான் வாசித்தேன். பாணிக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்பதை வழக்கறிஞர் சொல்லாமலே அறிவேன். இருக்கவும் கூடாது, இருந்தால் சிஷ்யன் என்று எவனும் இருக்க முடியாது. எங்களுக்குள் அனுமதி என்பது காகிதத்தில் இல்லாமல் அந்த 11 ஆண்டுகளில் இருந்தது. அதை எப்படி ஒரு ஷரத்தாக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

உதவி_இயக்குநர் எழுதுகிறார்:

பணம் முழுவதும் முறையாகப் பெற்ற பின்னும் இந்தப் பிரச்சினை வரும் என்பதற்கு 2025 ஆகஸ்ட்டைப் பாருங்கள். 2013-இல் வந்த ‘ராஞ்சனா’வின் தமிழ் வடிவமான ‘அம்பிகாபதி’யை, உரிமை வைத்திருக்கும் ஈராஸ் நிறுவனம், ஏ.ஐ. கொண்டு மாற்றிய சுபமான முடிவோடு மறுவெளியீடு செய்தது. இயக்குநர் ஆனந்த் எல். ராய் எதிர்த்தார், தனுஷ், படத்தின் ஆன்மாவையே இது பறித்துவிட்டதாக அறிக்கை விட்டார். இறந்துபோவதாக நடித்த நடிகரை எழுப்பி உட்காரவைத்தால், அது அவர் நடித்த நடிப்பா? இத்தனை புகழ் பெற்றவர்களின் சொல்லுக்கே அந்த நிலை என்றால், ஒன்பதாம் பக்கத்து ஷரத்தை நீங்கள் இப்போதே எதிர்ப்பது சரிதான்.

சாண்டாகிளாரா_மீனா எழுதுகிறார்:

கலிபோர்னியாவில் வசிக்கிறேன், தமிழ்ப் படங்களுக்கு வசனவரி எழுதுகிறேன். சகோதரிக்குப் பயன்படக்கூடிய இரண்டு செய்திகள். ஹாலிவுட் நடிகர் சங்கமான சாக்-ஆப்ட்ரா 2023-இல் 118 நாள் வேலைநிறுத்தம் செய்தது. முடிவில் எட்டிய உடன்பாட்டில், நடிகரின் டிஜிட்டல் நகலைப் பயன்படுத்த வேண்டுமானால், எதற்குப் பயன்படுத்தப்போகிறார்கள் என்பதைப் போதிய அளவு குறிப்பாக விவரித்துச் சம்மதம் பெற வேண்டும் என்பது இடம்பெற்றது. பொதுவாக ‘எதற்கும்’ என்று எழுதி வாங்க முடியாது.

2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த கலிபோர்னியச் சட்டம் ஒன்று இன்னும் சுவையானது. நேரில் செய்திருக்கக்கூடிய வேலைக்குப் பதிலாக நகலைப் பயன்படுத்த அனுமதிக்கும் ஷரத்து, பயன்பாடுகளைக் குறிப்பாக விவரிக்காமலும், கலைஞருக்கு வழக்கறிஞரோ சங்கமோ துணை நிற்காமலும் எழுதப்பட்டிருந்தால், அந்த ஷரத்தைச் செயல்படுத்த முடியாது. கையெழுத்து இருக்கிறதே என்று சட்டம் அதோடு நின்றுவிடவில்லை. யாருடைய துணையோடு கையெழுத்திட்டார் என்றும் கேட்கிறது. உங்களுக்கு இச்சட்டம் பொருந்தாது. ஆனால் அதே வாசகத்தை உங்கள் ஒப்பந்தத்தில் எழுதக் கேட்பதை எவரும் தடுக்க முடியாது.

பின்னணிக்குரல் எழுதுகிறார்:

அனைவருக்கும் நன்றி. எல்லாவற்றையும் இரண்டு முறை படித்துவிட்டு நிறுவனத்துக்கு நேற்று கடிதம் அனுப்பினேன். வாசிப்பு வேறு, குரல் மாதிரி வேறு என்று இரண்டு ஒப்பந்தங்களாகப் பிரிக்கக் கேட்டேன். இரண்டாவதில், ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் எழுத்துமூலம் சம்மதம், தனித் தொகை, 2 ஆண்டு வரம்பு, பிறருக்கு மாற்றத் தடை, வரம்பு முடிந்ததும் அழித்துவிட்டதாக உறுதிக் கடிதம் என்று எழுதினேன். அதோடு, என் வாழ்நாளுக்குப் பின் என் குரலை எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று தனியாக ஒரு வரி சேர்த்தேன். வழக்கறிஞர் ஐயா கடைசியில் கேட்ட கேள்வியைப் படித்த பிறகு, அந்தச் சுமையை என் மகளின் தோளில் வைக்க மனம் வரவில்லை.

இன்று காலை பதில் வந்தது. இரண்டாகப் பிரிக்கவும், பிறருக்கு மாற்றும் உரிமையைக் கைவிடவும் இசைந்திருக்கிறார்கள். ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் சம்மதம் கேட்பது நடைமுறைச் சாத்தியமில்லை என்கிறார்கள். அதற்குப் பதிலாக ‘விலக்கப்பட்ட பொருள்கள்’ என்று ஒரு பட்டியல் தரச் சொல்கிறார்கள். நான் பட்டியல் எழுத உட்கார்ந்தேன். சிவப்பழகுக் களிம்பு, கடன் செயலி, அரசியல், மது, சூதாட்டம் என்று எழுதி வந்தபோது, 19 ஆண்டுகளில் நான் மறுத்தவற்றையெல்லாம் மறுத்த பிறகுதான் அவை மறுக்கத்தக்கவை என்று எனக்கே தெரிந்தது என்பது புரிந்தது. நாளை வரப்போவதை இன்றே எப்படிப் பட்டியலிடுவது? எனவே முதல் ஒப்பந்தத்தில் மட்டும் கையெழுத்திடுவதாகவும், இரண்டாவதை இப்போதைக்குத் திருப்பி அனுப்புவதாகவும் இருக்கிறேன். அந்த 40 மணி நேரப் பதிவை மாதிரி உருவாக்கப் பயன்படுத்தக் கூடாது என்ற வரியை முதல் ஒப்பந்தத்தில் எழுதிவிட்டேன்.

எழும்பூர்_வழக்கறிஞர் எழுதுகிறார்:

நல்ல முடிவு சகோதரி. அந்த வரியில் ஒரு திருத்தம். ‘மாதிரி உருவாக்கக் கூடாது’ என்று மட்டும் இருந்தால், வேறொருவர் உருவாக்கியதாகச் சொல்லித் தப்பலாம். ‘உருவாக்கவோ, உருவாக்குவதற்காகப் பிறருக்கு அளிக்கவோ, ஏற்கெனவே உள்ள மாதிரியைப் பயிற்றுவிக்கவோ கூடாது’ என்று எழுதுங்கள். எடுத்து முடித்து ஒதுக்கிய டேக்குகளும் இதில் அடங்கும் என்பதைப் பெயர் சொல்லிச் சேர்த்துவிடுங்கள். திங்கட்கிழமைக்குள் எனக்கு அனுப்பினால் கையெழுத்துக்கு முன் ஒருமுறை பார்த்துத் தருகிறேன், கட்டணம் வேண்டாம்.